பூட்டு விரட்டிய திருடன்

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புப் பூட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் வீட்டு வாசல் பூட்டு பாதி நாள் மக்கர் பண்ணும். அதைத் தட்டிக் கொட்டித் திறக்கிறவள் நான்தான். அவர் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத பூட்டு. வீடு வீடாகப் போய் ரவுட்டர் வைத்து வைஃபை கொடுப்பது, அது படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுவது, இதுதான் தொழில். இதே வேலையைச் செய்கிற மற்றவர்கள் வந்தோமா, பெட்டியை அணைத்துப் போட்டோமா, விளக்கு எரிந்ததா, கிளம்பினோமா என்று இருப்பார்கள். இவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுப் பூட்டைச் சோதிக்காமல் வெளியே வரமாட்டார். இங்கே சாப்பாடு ஆறி அவலாகிப் போனாலும் சரி.

பூட்டு என்று அவர் சொல்வது குறியாக்கத்தை. ரவுட்டரும் போனும் காற்றில் பேசிக்கொள்வதை அடுத்த வீட்டுக்காரனுக்குப் புரியாதபடி கலைத்துப் போட்டு அனுப்புகிற ஏற்பாடு அது. பாஸ்வேர்ட் சாவி, குறியாக்கம் பூட்டு. சாவி அதேதான் என்றாலும் பூட்டில் பழைய ரகம், புது ரகம் உண்டு. பழைய ரகத்தை விஷயம் தெரிந்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே உடைத்துவிடுவானாம். புது ரகம் லேசில் உடையாது. ஆனால் பழைய போன்களுக்கு அதில் சாவியை எப்படி நுழைப்பது என்றே தெரியாது. வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். புதுசுக்கும் பழசுக்கும் சேர்த்து இரண்டு ரகத்தையும் வைக்க ஒரு வழி இருக்கிறது. இவர் வைக்கமாட்டார்.

"ஒரு கதவைப் பூட்டிட்டு இன்னொரு கதவைத் தொறந்து வெச்சா அது பேரு வீடாம்மா?" என்று என்னிடம் கத்துவார். நான் ஏதோ கதவைத் திறந்துவைத்த மாதிரி! கல்யாணமான புதிதில் இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இப்போது பாதியிலேயே எழுந்து போய்விடுவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பூட்டு மாற்றுவதற்கு முன்னால், ரவுட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தன் லேப்டாப்பில் பார்த்துக்கொள்வார். மாற்றிய பிறகு வீட்டிலுள்ள போன், டிவி, ஒன்று விடாமல் தன் கையாலேயே சேர்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். தலை எண்ணுவது என்பார் அதை. முன்பு இருந்து, பிறகு திரும்பி வராத தலை ஏதாவது இருந்தால் அன்றைக்கு மனிதருக்குக் கொண்டாட்டம்தான். அது பக்கத்து வீட்டிலிருந்து ஓசியில் உறிஞ்சிக்கொண்டிருந்த திருடன் என்று கணக்கு. "இன்னிக்கு ஒருத்தனை விரட்டினேன்" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவார். போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

எங்கள் கடை என்பது எங்கள் வீட்டு முன் அறைதான். போன் எடுப்பது நான். திட்டு வாங்குவதும் நான். அப்படித்தான் ஒருநாள் கிரேன்காரர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

கிரேன்காரர் துறைமுகத்தில் பாரம் தூக்குகிறவர். வாழ்நாளெல்லாம் அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து பழகிய மனிதர். பேச்சு என்பது அவருக்குச் செலவு. அவர் மனைவி அதற்கு நேர் எதிர், கலகலவென்று பேசுவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இதயம் பலவீனம், முழங்காலும் மோசம், மூன்றாவது மாடியை விட்டு இறங்குவதே அபூர்வம். ஒரே பையன். சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவன். போன விடுமுறையில் வந்தபோது அவனே ரவுட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனானாம். இப்போது ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பை அளந்து வைஃபை வழியாக டாக்டருக்கு அனுப்பும். அந்தக் கருவி ரவுட்டரோடு சேர மாட்டேன் என்கிறது. பூட்டு பலவீனம், பலவீனம் என்று சிவப்பு விளக்குப் போட்டுக் கத்துகிறது.

கேட்டதுமே என் வீட்டுக்காரர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்.

பையன் வைத்திருந்தது பழைய ரகப் பூட்டு. அதைத் தூக்கிவிட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாமல் புது ரகத்தைப் போட்டார். கருவி மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டது. அக்காவின் போன், கிரேன்காரர் போன், டிவி, எல்லாம் சேர்ந்தன. முன்பு பெயரே இல்லாமல் ஒரு தலை இருந்தது. அது மட்டும் திரும்பவில்லை. "வீட்டுல வேற போன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இல்லையே என்றார் அக்கா. கிரேன்காரர் ஜன்னலோரம் நின்றுகொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடியே இருந்தாராம். அவர் எப்போது பேசினார், இப்போது பேச?

"திருடன்தான்! பேர்கூட வெச்சுக்கல பாரு, எவ்வளவு உஷார்!" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார் இவர். அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தார். குரலில் அந்தக் கலகலப்பைக் காணோம்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வந்துட்டுப் போனதுலேருந்து என் பையன் மெசேஜ் வரலைம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "பையன் எங்க இருக்கார்க்கா?"

"கடல்ல. எந்தக் கடல்னு எனக்கென்ன தெரியும்?"

"மத்தவங்க மெசேஜ் வருதா?"

"வருது."

"டிவில படம் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

"அப்ப உங்க வீட்டுல ஒரு கோளாறும் இல்லக்கா. பையனுக்குத்தான் அங்க சிக்னல் கிடைச்சிருக்காது. உங்க வீட்டுப் பூட்டை மாத்தினா கடல்ல இருக்கிறவருக்கு என்ன ஆகப்போகுது?"

"தினம் மத்தியானம் வரும் தங்கச்சி. ஒருநாள் தவறினதில்ல. பூட்டை மாத்தின அன்னிக்கு நின்னுபோச்சு. பழையபடி மாத்திக் குடுக்கச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அழுகிறாரோ என்று பட்டது.

இவர் சாப்பிட உட்கார்ந்ததும் கிண்டலாகத்தான் சொன்னேன். "உங்க பூட்டோட மகிமையைக் கேட்டீங்களா? நடுக்கடல்ல கப்பலையே நிறுத்திடுச்சாம்!"

அவர் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார்.

"நம்ம பூட்டு கடல்ல இருக்கிற போனைத் தடுக்காது," என்றார் மெதுவாக. "அந்த வீட்டு வைஃபைல சேர்ற போனை மட்டும்தான் தடுக்கும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"இல்லம்மா. மெசேஜ் நிஜமாவே அன்னிக்குத்தான் நின்னுதுன்னா, அதுவரைக்கும் அது கடல்லேருந்து வரல. அந்த வீட்டுக்குள்ளேருந்துதான் வந்துட்டிருந்திருக்கு."

நல்ல பகல் வேளை, வெளியே வெயில் கொளுத்துகிறது, அப்படியும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் நானும் கூடவே கிளம்பினேன். இவரைத் தனியாக விட்டால் அந்த அக்காவிடம் பூட்டுப் பாடம் நடத்தியே நெஞ்சுவலியை வரவழைத்துவிடுவார். அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்கு வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

அந்தக் கட்டடத்துப் படிகளில் கடல் ஈரம் ஊறிப் பச்சை பிடித்திருந்தது. கைப்பிடியைத் தொட்டால் பிசுபிசுத்தது. கிரேன்காரர்தான் கதவைத் திறந்தார். கண் இரண்டும் உள்ளே போய், முகத்தில் நாலு நாள் தாடி. மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றார் அக்கா. எங்களைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் வரவேற்பு. "கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கூடத்தைத் தாண்டி ஒரு அறை. பூட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போய், தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அது யார் ரூம்க்கா?"

"பையனோடது. அவன் சாமானெல்லாம் தூசி படியாம இருக்கணும்னு இவர் பூட்டியே வெச்சிருக்கார். மத்தியானம் சாப்பிட வந்தா அதுக்குள்ளதான் போய்ப் படுப்பார். என்னைக்கூட விடறதில்ல." அக்கா நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் போன். பக்கத்து மேசையில் அந்த இதயக் கருவி பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து ரவுட்டருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்து விறைத்ததைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் திரையை என் பக்கம் திருப்பினார். பூட்டு மாற்றிய நாளிலிருந்து ஏதோ ஒன்று வந்து வந்து தட்டியிருக்கிறது. ரவுட்டர் திருப்பி அனுப்பியிருக்கிறது. மறுபடி தட்டியிருக்கிறது. வரிசை வரிசையாக அதே எண். பெயர் கிடையாது. பக்கத்தில் இன்னொரு எண்ணை விரலால் காட்டினார். சிக்னலின் வலுவைக் காட்டுகிற எண் அது என்று எனக்கும் தெரியும். மடியில் அக்கா வைத்திருக்கிற போனுக்கு என்ன வலுவோ கிட்டத்தட்ட அதே வலு. அடுத்த வீடு இல்லை, தெரு இல்லை. இதே கூரைக்கு அடியில்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி விழுந்தது. இப்போதுதான், இந்த நொடிதான், அது தட்டுகிறது.

"சோதிச்சுப் பார்க்கிறேன்மா," என்று அக்காவிடம் சொன்னார். தன் தொழிலில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். புதுப் பூட்டோடு பழைய பூட்டையும் சேர்த்துப் போட்டார். ரவுட்டர் அணைந்து எரிந்தது. பெயரில்லாத அந்தத் தலை, யாரும் கூப்பிடாமலே, உள்ளே வந்து நின்றது.

அக்காவின் மடியில் போன் கூவியது. உடனே மறுபடியும். மறுபடியும். இத்தனை நாள் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொட்டியது.

"பையன்!" என்றார் அக்கா. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அம்மா, சாப்பிட்டியா. மாத்திரை போட்டியா. இன்னைக்கு மழை. ஏன் பதில் இல்ல. அம்மா, கோபமா. அம்மா. அம்மா.

பிறகு ஒற்றை விரலால் பதில் எழுதி அனுப்பினார். அனுப்பிய அதே நேரம் பூட்டிய அறைக்குள் ஏதோ மரப்பலகையில் அதிர்ந்தது. டுர்ர் என்று சின்னச் சத்தம். என் வீட்டுக்காரரும் கேட்டார். என் முழங்கையைப் பிடித்தார். அக்கா மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. வயசு, காது மந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரேன்காரர் எங்களை வழியனுப்ப வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். மேலே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"பையன் இல்ல," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிற மாதிரி, சொன்னார்.

"புயல்ல கப்பல்லேருந்து கடல்ல விழுந்துட்டான். தேடினாங்களாம். கிடைக்கல. துறைமுக ஆபீஸ்ல என்கிட்டதான் சொன்னாங்க. வீட்டுல சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்ல வரல. அப்புறம் அவன் பெட்டி இன்னொரு கப்பல்ல வந்துது. தூக்கிட்டு வந்து அவன் ரூம்ல வெச்சேன். உள்ள அவனோட பழைய போன். கண்ணாடி உடைஞ்சு கிடந்தது. அவன் படமாவது இருக்கும்னு சார்ஜ் போட்டேன். படத்தைக் காட்டி இன்னிக்குச் சொல்லிடலாம்னு."

மூச்சு வாங்கினார்.

"போன் கண்ணைத் தொறந்துது. லீவுல வந்தப்ப இங்க வைஃபைல சேர்த்து வெச்சிருந்தான் இல்ல, அது தானாவே சேர்ந்துடுச்சு. சேர்ந்ததும் ஏதோ அனுப்பின சத்தம். அந்த ரூம்ல நான் நிக்கிறேன். கூடத்துலேருந்து அவ கத்துறா. பையன் மெசேஜ் போட்டிருக்கான்னு."

"என்ன மெசேஜ்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நடுக்கடல்ல சிக்னல் இல்லாதப்ப எழுதியிருக்கான். போகாம போன்லயே நின்னிருக்கு. 'அம்மா, நீ குடுத்த போர்வை பத்தல. இங்க ரொம்பக் குளிருது.'"

படிக்கட்டில் யாரோ நடந்து வந்தார்கள். அவர்கள் தாண்டிப் போகிறவரை மூவரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"அவ சந்தோஷத்துல அழுதுட்டா. பதில் போட்டா. அந்தப் பதில் என் கையில வந்து விழுது. நான் என்ன செய்யறது சொல்லுங்க. பேசாம இருந்தா பயந்துடுவா. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். போர்வை கிடைச்சிருச்சுன்னு போட்டேன். அதுலேருந்து தினம் போடறேன்." கையை எடுத்துக் கும்பிட்டார். "இந்த நாலஞ்சு நாளா போன் ஒத்துக்கல. பையனே வேணாங்கறான்னு நெனச்சுட்டேன். தம்பி, அந்தப் பழைய கதவை மட்டும் அடைச்சுடாதீங்க."

வழி முழுக்க நான் பொரிந்து தள்ளினேன். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையின் சாவை மறைக்கக் கிரேன்காரர் யார்? செத்தவன் பெயரில் மெசேஜ் போடுவதா? அதற்கு நீங்களும் கூட்டா? வீட்டுக்கு வந்ததும் நானே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அக்காவே அழைத்துவிட்டார்.

"தங்கச்சி, பழையபடி வருதும்மா. இவரும் இன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டார். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

"சரிக்கா," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அந்த நாளோடு இவர் ஆளே மாறிப் போனார். எந்த வீட்டில் பூட்டு மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருவர் விடாமல் கூப்பிட்டு நிறுத்தி, "வேற யாராவது இருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார். சிலர் முறைப்பார்கள். ஒரு தலை குறைந்தால் குஷியாவதெல்லாம் நின்றுவிட்டது. திரும்பி வருகிறதா என்று அங்கேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே நினைப்பு. பூட்டுப் பேச்சே எடுக்கமாட்டார். முன்பு அவர் பேசியது எனக்கு எரிச்சல். இப்போது பேசாதது பயமாக இருந்தது.

கிரேன்காரர் வீட்டுக்கு மட்டும் அடிக்கடி போய் வந்தார். ரவுட்டரைத் துடைத்துவிட்டு, இரண்டு கதவும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார். கருவி டாக்டருக்கு அக்காவின் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. பெயரில்லாத தலை மத்தியானம் வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், கிரேன்காரர் இறந்துவிட்டார். கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். எல்லோரும் அந்த அக்காவின் இதயத்துக்குப் பயந்துகொண்டிருக்க, நின்றது கிரேன்காரருடையது.

நாங்கள் போனபோது வீடு நிறையத் துறைமுகத்து ஆட்கள். அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் குனிந்து, "பையனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"அவனுக்குத் தெரியும்," என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாவி மனுஷி, இனிமேல் ஒரு மெசேஜும் வராதே. கட்டினவரும் போய், பிள்ளையும் பேசாமல் போனால், இந்த அம்மா என்னவென்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? இந்தத் தடவை பூட்டின் மேல் பழிபோட முடியாது. யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். நான்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். இவருக்குத் தைரியம் போதாது.

கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் போனோம். ரவுட்டரைப் பார்க்க வந்ததாகச் சாக்கு. கதவு திறந்தே இருந்தது. அக்கா சமையலறையில் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் கேட்டது. பையனின் அறை சாத்தியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

இவர் லேப்டாப்பைத் திறந்தவர், சட்டென்று என் கையைப் பிடித்தார்.

பெயரில்லாத தலை உள்ளே இருந்தது.

"ஐயோ," என்றேன், என்னையறியாமல். கிரேன்காரர் மண்ணுக்குள் போய் நாளாகிவிட்டது. சாத்திய அறை. வீட்டில் வேறு ஆள் இல்லை. மேசைமேல் கிடந்த அக்காவின் போன் அந்த நேரம் பார்த்துக் கூவியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

அக்கா தட்டோடு வந்தார். தேநீரைக் கொடுத்தார்.

"யாருக்கா மெசேஜ்?" என்றேன்.

"பையன்தான்," என்றார் சாதாரணமாக.

உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி உடைந்த போன். தன்னுடைய போனுக்குப் பக்கத்தில், இரண்டும் ஒட்டினாற்போல.

நான் பண்ணி வைத்திருந்த ஒத்திகையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"போர்வை பத்தலன்னு வந்தது பாரு, அது என் பையன். அவன் அப்படித்தான். பசிச்சா அம்மா, குளிருனா அம்மா. அதுக்கு அடுத்த மெசேஜ்லயே தெரிஞ்சுபோச்சு. மாத்திரை போட்டியா, காலைத் தூக்கி வெச்சுக்கோன்னு வந்துது. என் பையன் பொறந்ததுலேருந்து என் காலைப் பத்திக் கேட்டதே இல்லம்மா." சிரித்தார். "உள்ள ரூம்ல இவர் எழுதறார், இங்க எனக்கு வருது. நான் பதில் போட்டா உள்ள டுர்ருங்குது. எனக்கென்ன காதா கேக்காது? இவர் பையன் போன்ல எழுதறார்னா, பையன் இல்லன்னுதானே அர்த்தம்."

"அப்பவே தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையா?"

"எப்படிக் கேப்பேன்? கல்யாணமாகி இத்தனை வருஷம் அந்த மனுஷன் என்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்ல. பையன் போன்லதான் பேசினார். உடம்பு எப்படி இருக்கு, நேத்து நீ சரியாத் தூங்கல, ஜன்னல்கிட்ட உக்காராதே, காத்து ஆகாது. எல்லாம் அவருக்குள்ள இருந்திருக்கு பாரேன்! அவர் வேலைக்குப் போனப்புறம் பையனுக்காக அழுவேன். அவர் வர்ற நேரத்துக்கு முகத்தைக் கழுவிப்பேன்." என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க பூட்டை மாத்தினப்ப இவர் சோறு தண்ணியில்லாம கிடந்தார் தம்பி. பையன் போனது போச்சு. இவரையாவது காப்பாத்தணுமேன்னுதான் அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டு அழுதேன்."

இவர் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. யாருக்குச் சொல்ல வந்தேனோ அவருக்கு என்னைவிட முன்னாலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. என்ன பெரிய தைரியசாலி நான்!

அக்கா உடைந்த போனைக் கையில் எடுத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒற்றை விரலால் ஏதோ எழுதினார். தப்பாகப் போனதை அழித்து மறுபடி எழுதினார். அனுப்பினார். அனுப்பியதும் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மற்ற போன் கூவியது. அவர் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, சத்தியமாக மலர்ந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரோ எழுதியதை முதல்தடவையாக வாசிப்பது போல வாசித்தார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

அம்மா, அப்பா இங்க பத்திரமா வந்து சேர்ந்துட்டார்.

"அக்கா," என்றேன்.

"ஒரு நிமிஷம் இரு தங்கச்சி," என்றார். "பதில் போட்டுட்டு வரேன்."